அணுக்களை எங்கே வைப்பது: எம்டி நிரல் நாட்குறிப்பு

மார்ச் 4
திரவ ஆர்கானுக்கான எம்டி நிரலை, அதாவது அணுக்களின் அசைவை அடியடியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியல் நிரலை, சி மொழியில் தொடங்கியாயிற்று. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964இல் 864 அணுக்களை வைத்துச் செய்த அதே பொருள்தான். அணுக்களுக்கு இடையிலான லெனார்ட்-ஜோன்ஸ் விசையும், அதைக்கொண்டு அவற்றை நகர்த்தும் வெர்லே முறையும் ஓரிரு பக்கத்தில் அடங்கிவிடும். அணுக்களை மெமரியில் எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் நிஜமான வேலை.

மார்ச் 7
அணுவுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (எல்லா விவரமும் சேர்ந்த ஒரு தொகுப்பு) என்றால் இடம், வேகம், விசை சேர்த்து ஒன்பது டபுள் (8 பைட் தசம எண்), 72 பைட். மெமரியிலிருந்து பிராசஸர் ஒரே தடவையில் எடுக்கும் துண்டான கேஷ் லைனோ 64 பைட்தான். விசை லூப்புக்குத் தேவை இடம் மட்டும், 24 பைட். மற்றதெல்லாம் வீணாக ஏறி வருகிறது.

சரி, எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் தனித்தனி அரேயாகப் பிரிக்கலாமா? வரிசையாக ஓடும் லூப்புக்கு அது அருமை. ஆனால் அண்டை அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேஷ் லைனைத் தொட வேண்டிவரும். அதனால் இடத்துக்கு மட்டும் நான்கு டபுள் கொண்ட சின்ன ஸ்ட்ரக்ட், நான்காவது வெறும் நிரப்பு. 32 பைட், லைனுக்குச் சரியாக இரண்டு அணு. வேகமும் விசையும் தனி அரேக்களில். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மார்ச் 12
வெட்டுத் தூரத்துக்கு அப்பால் உள்ள அணுக்களின் விசையைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அணுக்கள் இருக்கும் பெட்டியை அந்தத் தூர அகலமுள்ள அறைகளாகப் பிரித்து, தன் அறையும் சுற்றியுள்ளவையுமாக 27 அறைகளில் மட்டும் தேடினால் போதும். ஆனாலும் அதில் கிடைப்பவற்றில் சுமார் 16 சதவீதம்தான் வெட்டுத் தூரத்துக்குள் வரும். ஆகவே அறைகளை வைத்து அண்டைப் பட்டியல் கட்டி, அதையே பல காலப்படிகளுக்குப் பயன்படுத்த வேண்டும். அணுவின் அளவை ஒரு அலகாகக் கொண்டு அடர்த்தி 0.8442, வெட்டுத் தூரம் 2.5 என்றால் அணுவுக்குச் சராசரி 55 அண்டை, 0.3 உபரி விளிம்பு சேர்த்தால் 78. எந்த அணுவும் விளிம்பில் பாதிக்கு மேல் நகராதவரை பட்டியல் செல்லும்.

அணுவுக்கு ஒரு மல்லாக் (தனி மெமரி ஒதுக்கீடு) வேண்டாம். ஒரே நீள அரே, அணுவாரியாகத் தொடக்க இன்டெக்ஸ். பட்டியலைப் புதுப்பிக்கும்போதே அணுக்களையும் அறைவாரியாக அடுக்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவை மெமரியிலும் பக்கத்திலேயே இருக்கும்.

மார்ச் 18
த்ரெட்கள், அதாவது ஒரே மெமரியைப் பகிர்ந்து ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள். நியூட்டனின் மூன்றாம் விதியால் ஒவ்வொரு ஜோடியையும் ஒரே முறை கணக்கிடலாம்; ஆனால் இரண்டு த்ரெட் ஒரே அணுவின் விசையில் எழுதப் போட்டி போடும். அதனால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு அணுவின் பட்டியலிலும் வரும் முழுப் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். கணக்கு இரட்டிப்பு, ஆனால் ஒவ்வொரு த்ரெட்டும் தன் அணுவில் மட்டும் எழுதும், பூட்டே தேவையில்லை.

மார்ச் 23
அப்புறம் எம்பிஐ: பெட்டியைப் பல பிராசஸ்களுக்குப் பகிர்ந்து, அவற்றைச் செய்திகள் வழியே பேசவைக்கும் முறை. சொந்த அணுக்கள் அரேயின் முன்பகுதியில், பக்கத்துப் பிராசஸின் நகல் அணுக்கள் வாலில். முதலில் எக்ஸ் திசையில் பரிமாற்றம், வந்ததையும் சேர்த்து ஒய், பிறகு இசட். மூலை அணுக்கள் தானாக வந்துவிடும், 26 செய்திக்குப் பதில் 6 போதும்.

எல்லை தாண்டும் அணுவைப் பட்டியல் புதுப்பிக்கும்போது மட்டும் அனுப்புகிறேன். போனதன் காலியிடத்தில் கடைசி அணுவை எடுத்து வைக்கிறேன். இப்படி வரிசை மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு அணுவுக்கும் மாறாத எண் ஒன்று வேண்டும். அதற்கான அரேயை நாளைக்குச் சேர்க்க வேண்டும்.