நூல் பிடித்துப் போன தடம்

டைனோசர் காலடித்தடங்களை அளந்து பதிவுசெய்வதுதான் என் வேலை. பகலில் பாறையைக் கூட்டித் துடைத்து வைப்போம். தடம் பார்ப்பது சாயங்காலத்தில்தான். உச்சி வெயிலில் வெறும் கல்லாகக் கிடந்த பரப்பில், வெளிச்சம் சாய்ந்ததும் மூன்று விரல் பள்ளங்கள் நிழல் கட்டி ஒவ்வொன்றாகத் தெரியவரும். அந்த நேரத்தில் எங்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஒரே பாறையில் சில தடங்கள் விரல் தடித்து, நக நுனிவரை தெளிவாக இருந்தன. மற்றவை விரல்கள் கோடுபோல ஒடுங்கி, பின்பக்கம் நீண்டிருந்தன. இரண்டு வகை விலங்குகள் என்று எழுதிக்கொடுத்தேன். மூத்தவர் ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்து, "தம்பி, தடத்துக்குத் தடம் பிடிச்சுப் பாருங்க" என்றார். நூல் ஒரே வரிசையில் போனது. ஒரே விலங்குதான். இறுகிய தரையிலிருந்து இளகிய சேற்றில் இறங்கியிருக்கிறது. கால் ஆழப் புதைந்திருக்கிறது. அதை உருவியதும் சேறு சரிந்து விரல் பள்ளங்களை மூடியிருக்கிறது.

தடத்தில் பாதி பாதம், பாதி சேறு. விலங்கின் பெயரைத் தடத்துக்கு வைக்காமல் தனிப்பெயர் வைப்பதன் நியாயம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. புவியியலாளர் எட்வர்ட் ஹிட்ச்காக் 1836-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்குத் தடங்களைப் பெரிய பறவைகளுடையவை என்றே எழுதினார். பறவைகளே டைனோசர் வழிவந்தவை என்று தெரிந்த பிறகு, அவர் கண்ணை மெச்சத்தான் தோன்றுகிறது.

அப்புறம் வேகக் கணக்கு. தடங்களின் இடைவெளியையும் இடுப்பு உயரத்தையும் வைத்து வேகம் சொல்ல, விலங்கியலாளர் மெக்நீல் அலெக்ஸாண்டர் 1976-இல் தந்த சூத்திரம் அது. பாத நீளத்தைப்போல நான்கு மடங்கு இடுப்பு உயரம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் விலங்குக்குப் பாதம் 30 செ.மீ., ஆக இடுப்பு 1.2 மீட்டர். கெட்டித் தரையில் ஒரே காலின் அடுத்தடுத்த தடங்களுக்கு நடுவே 2 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். நாம் விறுவிறுவென்று நடக்கும் வேகம். உலகெங்கும் கிடைக்கும் தடங்களில் பெரும்பாலானவை இப்படி நடைதான், ஓட்டம் அபூர்வம். வால் இழுபட்ட கோடும் அபூர்வம். பழைய ஓவியங்களில் போல வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு அவை திரியவில்லை, தூக்கிப் பிடித்தே நடந்திருக்கின்றன.

சேற்றுப் பகுதியில் அந்த 2 மீட்டர் 1.4 ஆகக் குறைந்திருந்தது. பார்த்துப் பார்த்து அடி வைத்திருக்கிறது. கெட்டித் தரை ஏறியதும் அந்த இடைவெளி பழையபடி நீண்டது.