மேற்கே மலை, கிழக்கு பார்த்த பூ: தென்காசிப் பக்கம் புதுக் கேமராவோடு

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பூ எந்தத் திசையில் நிற்கிறது என்பதை. மொட்டாக இருக்கும்வரைதான் சூரியகாந்தி வெயிலோடு திரும்பும். முழுதாக விரிந்து காம்பு முற்றிவிட்டால் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையோ மேற்கே. ஆக ஆளும், பூவின் முகமும், பின்னால் மலையும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் கேமரா மேற்கைப் பார்க்க வேண்டும், ஆள் கிழக்கைப் பார்க்க வேண்டும். லென்ஸ், நேரம், காற்று, சாரல் எல்லாவற்றையும் இந்த ஒரு நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தென்காசியிலிருந்து ஊர் சுமார் 10 கிலோமீட்டர். பூ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். எந்த வயலில் எப்போது விதைத்தார்கள் என்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். கிளம்புமுன் உள்ளூரில் யாரையாவது கேட்டுவிடுங்கள். எண்ணெய் வித்துக்காகப் போட்ட பயிர் அது. வயல்காரரிடம் "அண்ணாச்சி, வரப்புல நின்னு நாலு படம் எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுவதே முறை. செடிக்கு நடுவே புகுந்தால் காம்பு ஒடியும், ஒடிந்த பூவில் விதை பிடிக்காது. நல்ல படம் வரப்பிலேயே கிடைக்கும்.

புதுக் கேமராவை வயலில் வைத்துப் பழகக் கூடாது. முந்தைய இரவே அறையில் உட்கார்ந்து சில வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். கார்டைக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மெட் செய்யுங்கள். வியூஃபைண்டர் பக்கத்திலுள்ள சிறு சக்கரத்தை, உள்ளே தெரியும் எழுத்து கூர்மையாகும்வரை திருப்புங்கள். இதை விட்டுவிட்டு "லென்ஸ் மங்கலாக இருக்கிறது" என்று கடைக்குப் போகிறவர்கள் நிறைய. படக் கோப்பு ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைப்பது), ஜேபெக் இரண்டிலும் பதியட்டும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, நாம் வைக்கும் முறை, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது), அதன் உச்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 நொடி. இந்தக் கடைசி எண் முக்கியம். கேமராவே தீர்மானித்தால் 1/60க்கு இறங்கிவிடும்; உள்ளே இருக்கும் நிலைப்படுத்தி நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், காற்றில் ஆடும் முந்தானையை நிறுத்தாது. சாரல் காலத்தில் 1/500 வைத்தாலும் தகும். ஃபோகஸ் தொடர் நிலையில், மனிதக் கண்ணைத் தேடும் வசதியோடு. தோலை மழுப்பும், வெளுப்பாக்கும் வசதி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். நம் மாநிறம் மாநிறமாகவே வர வேண்டும்.

கண்ணைத் தேடும் ஃபோகஸ் ஏமாறும் இடங்கள் உண்டு. ஆள் படத்தில் சிறிதாகி, முன்னால் ஒரு பூ பெரிதாக வந்தால் பூவைப் பிடித்துக்கொள்ளும். பாதி முகத்தை இதழ் மறைத்தாலும் தடுமாறும். அப்போது சிறு ஒற்றைப் புள்ளிக்கு மாறி, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் மேல் நீங்களே வையுங்கள். சத்தமில்லாத மின்னணு ஷட்டரையும் இங்கே தவிர்ப்பது நல்லது. பின்னணியில் காற்றாலை வந்தால் சுழலும் இறக்கை வளைந்து பதியும்.

எந்த லென்ஸ் என்பதில் பலரும் இடறுகிறார்கள். மலை பெரிதாகத் தெரிகிறதே என்று 28 மி.மீ. அகலக் கோணத்தைப் போட்டால் படத்தில் மலை வரப்பு உயரத்துக்குக் குறுகிவிடும். முழு அளவு சென்சாரில் 85 மி.மீ. போட்டு, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, ஆளிடமிருந்து 6 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தலை முதல் கால் வரை படத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆள் நிற்பார். 28 மி.மீ.யில் ஆளை அதே அளவில் கொண்டுவர 2 மீட்டர்வரை நெருங்க வேண்டியிருக்கும். ஆள் அளவு ஒன்றே, ஆனால் 85இல் மலை மூன்று மடங்கு பெரிது. முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 50 மி.மீ.யும் 5 மீட்டரும் போதும். அப்பர்ச்சர் எஃப் 4க்கும் 5.6க்கும் நடுவே. புது லென்ஸ் வாங்கிய ஆசையில் திறப்பை அகல விரித்து எஃப் 1.8இலேயே எடுத்தால் மலை பச்சைச் சாயம் கரைத்தது போலாகிவிடும்; அந்தப் படத்தை எந்த ஊர்ப் பூங்காவிலும் எடுக்கலாம்.

அடுத்தது மலைக்கோடு. அது ஆளின் கழுத்தையோ கண்ணையோ வெட்டிக்கொண்டு போகக் கூடாது. கேமராவைத் தாழ்த்தினால் தலை வானத்துக்கு ஏறும். உயர்த்தினால் மலைக்குள் இறங்கும். ஒரு முழம் ஏற்றி இறக்கினாலே மாறிவிடும். நான் மலைக்குள் வைப்பதையே விரும்புவேன். இருண்ட மலையின் முன் முகம் பளிச்சென்று நிற்கும், வெளுத்த வானமும் குறையும்.

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை வெயில் பூவின் முகத்தில் நேராக விழும். ஜூலையில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி எழுவதால், ஆளைச் சற்றுத் தென்கிழக்காகத் திருப்பினால் கன்னத்தில் நிழல் விழுந்து முகத்துக்கு உருவம் வரும். கண் கூசினால் மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறந்த உடனே அழுத்துங்கள். இன்னும் நல்லது, மேகத்துக்காகக் காத்திருப்பது. சாரல் காலத்தில் அதற்கு வெகுநேரம் ஆகாது. மேகம் கனத்துவிட்டால் வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கிக் கண்குழி கறுக்கும். அப்போது முகவாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து இடுப்பு உயரத்தில் முன்னால் ஒருவர் பிடித்தால் போதும், கடையில் விற்கும், ஒளியைத் திருப்பும் தகடு வேண்டாம்.

மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் பொழுது சாய்வதற்கு முன்பே வயலில் நிழல் ஏறிவிடும். மஞ்சள் வெயிலை நம்பி ஆறு மணிக்கு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஐந்துக்குள் வந்துவிடுங்கள். அந்நேரம் ஆளுக்குப் பின்னால் வெளிச்சம்; கேமரா வானத்தை அளந்து முகத்தைக் கறுப்பாக்கும். வெளிச்சத் திருத்தத்தை +1 வையுங்கள். சூரியனை ஆளின் தலைக்குப் பின்னால் மறைத்தால் கூந்தலோரம் ஒளிக்கோடு விழும். கேரளத்திலிருந்து வருகிற பெண்கள் பெரும்பாலும் கசவுச் சேலையில் வருவார்கள். படத்தில் வெள்ளை அதிகமானால் கேமரா மொத்தத்தையும் மங்கலாக்கும், முகமும் சேர்ந்து இருளும். +0.7 கொடுத்து, வெளிச்சம் மிஞ்சிய இடம் கண்சிமிட்டும் எச்சரிக்கையைச் சேலையின் மேல் கவனியுங்கள். மஞ்சள் உடுத்தினால் ஆள் பூவுக்குள் காணாமல் போவார். அரக்கும் கருநீலமும் எடுப்பாக இருக்கும்.

காற்றுதான் பெரிய தொல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, கிழக்கு பார்த்து நிற்பவரின் முதுகில் அடிக்கும். கூந்தல் முழுக்க முகத்துக்கு வரும். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கக் கூந்தல் பின்னால் போகும். பின்னலும் பூவும் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. சாரலும் அதே திசைதான், நேராக லென்ஸில் விழும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் போட்டுக்கொண்டு, அழுத்தும் நேரம் வரை மூடியைக் கழற்றாமல் இருங்கள். ஈரம் புகாத கேமரா உடல் என்று விற்றிருந்தாலும், லென்ஸுக்கு அந்தக் காப்பு இல்லையென்றால் பயனில்லை. ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் புகைபடிந்தது போலானால் துடைக்காதீர்கள். பையை மூடியபடி அரைமணி வெளியே வைத்தால் தானாகத் தெளியும்.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைக்குப் போனால் மஞ்சள் முடிந்து பச்சை. கார் பருவ நெல் நடவில் குனிந்திருக்கும் பெண்களிடம் "அக்கா, வேலை செய்யறதை எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள், எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லக் கூடாது. நடவுக் கூலி நேரம் அது. வரப்பில் குந்தி எடுத்தால் முகம் தெரியும், நின்று எடுத்தால் முதுகுதான். நாற்றின் பச்சை தாடைக்கடியில் ஏறித் தோல் நோயாளி போல் தெரியும். வெண்சமநிலையை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாமல் மேகமூட்டத்தில் நிறுத்தி, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் ஒன்றிரண்டு படி நகர்த்துங்கள்.

கேரளப் பக்கக் கழுதுருட்டியின் பதிமூன்று கண் (வளைவு) பாலம் 1904இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம் பாதையில் இருக்கிறது. தண்டவாளத்தில் ஏறி நின்று எடுப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கீழே நின்றே எடுங்கள், ஆனால் லாரி வரும் வளைவில் பின்னுக்கு நடக்காதீர்கள். மர நிழல் என்பதால் ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று ஏறும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆளைத் தூணுக்கு முன் வைத்தால் தலையில் கல் முளைத்தது போலிருக்கும். பாலக் கண்ணின் வெறுமைக்கு நடுவே நிறுத்துங்கள். ரயிலும் வேண்டுமென்றால் ஆள் மேல் ஃபோகஸைப் பூட்டி, 1/500, எஃப் 5.6 வைத்து, இஞ்சின் மூன்றாவது கண்ணுக்கு மேல் வரும்போதே தொடர்ச்சியாக அழுத்தத் தொடங்குங்கள்.