முழங்கால் ட்ரெய்ன்: வார்டு நாட்குறிப்பு

ஜூன் 2

முழங்கால் அறுவைக்குப் பிறகு மூட்டுக்குள் தேங்கும் ரத்தத்தை வெற்றிடப் பாட்டிலுக்கு உறிஞ்சி எடுக்கும் டியூப்தான் ட்ரெய்ன். மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் திண்டு) கிழிசலைச் சீவி எடுக்கிற நுண்துளை அறுவைக்கு அது தேவையே இல்லை. எலும்பில் துளை போட்டு மூட்டின் முன் குறுக்கு நாரைப் புதிதாகப் பொருத்துகிற ஏ.சி.எல். கேஸ், மூட்டுச் சவ்வை முழுதாக வழித்தெடுப்பது, முட்டிச் சில்லின் வெளிப்பக்க நாரை வெட்டிவிடும் லேட்டரல் ரிலீஸ், இந்த மூன்றில்தான் கேள்வியே எழுகிறது. லேட்டரல் ரிலீஸில் மேல் வெளிப்பக்க ஜெனிகுலர் தமனி வெட்டுகிற பாதையிலேயே கிடக்கிறது. டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் பட்டை) இறுக்கியிருக்கும்வரை அந்தத் தமனி சத்தமில்லாமல் இருக்கும். அவிழ்த்ததும் மூட்டுக்குள் கொட்டும். ஆகவே துளைகளைத் தைக்கும் முன் டூர்னிகேயை அவிழ்த்து, மூட்டுக்குள் சலைன் செலுத்தும் பம்பின் அழுத்தத்தைக் குறைத்து, கேமராவில் பார்த்துக் கசியும் இடத்தைச் சுட்டு அடைத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் ட்ரெய்னைச் சொருகிவிட்டு வருவது, ஒழுகுகிற குழாயை மூடாமல் கீழே வாளி வைப்பதுதான்.

ஏ.சி.எல். ஒப்பீட்டு ஆய்வுகள் பலவற்றில், ட்ரெய்ன் வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் சில வாரங்கள் கழித்து மடக்கும் அளவிலோ நடையிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் வைக்கிறார்கள்? முதல் நாள் வீக்கத்துக்காக. மூட்டுக்குள் 20–30 மி.லி. தேங்கினாலே தொடையின் உள்பக்கத் தசை இறுகுவது மந்தமாகிவிடும். காலை நீட்டித் தூக்கச் சொன்னால் முட்டி தொய்யும். காரணம் நியாயமானதுதான். ஆனால் வழக்கம் என்பதற்காக வைப்பது அந்தக் காரணத்தில் சேராது.

ஜூன் 3

டியூப் அளவு 10 அல்லது 12 ஃப்ரெஞ்ச் போதும். ஃப்ரெஞ்ச் எண்ணை 3 ஆல் வகுத்தால் மி.மீ. கிடைக்கும்: 12 என்றால் 4 மி.மீ. முன்பக்கத் துளை வழியாக விட்டால் அங்குள்ள கொழுப்புத் திண்டு டியூபின் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். முட்டிச் சில்லுக்கு மேலே வெளிப்பக்கத்தில் தனித்துளை போட்டு, நுனியைச் சில்லின் மேற்பையில் கிடத்துவதே நல்லது.

டியூபில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அதற்கு உள்பக்கம்தான் ஓட்டைகள். புள்ளி தோலுக்கு வெளியே தெரிந்தால் ஏதோ ஒரு ஓட்டை காற்றை இழுக்கிறது என்று பொருள், பாட்டிலில் வெற்றிடம் நிற்காது. தோலோடு 2-0 நைலானில் கட்டலாம். பக்கத்துத் துளையைத் தைக்கும்போது ஊசி டியூபையும் சேர்த்துக் குத்திவிடுவதுண்டு. ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் டியூபை அரை செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் டியூபைக் கட்டுவது.

ஜூன் 4

பாட்டில் எண்ணிக்கை நிறைய பேரை ஏமாற்றுகிறது. அறுவை நடக்கும்போது 3 லிட்டர் சலைன் பைகள் ஓடியிருக்கும். அதில் மிச்சம் மூட்டுக்குள்ளேயே நிற்கும். முதல் 1 மணி நேரத்தில் வருவது வெளிறிய ரோஜா நிறத்தில், டியூபில் வழுக்கிக்கொண்டு ஓடும். ரத்தமானால் அடர்ந்து, டியூபின் சுவரில் ஒட்டி, மெல்ல நகரும். முதல் மணி நேரக் கணக்கைத் தனி வரியில் எழுதி, நிறத்தையும் பக்கத்தில் குறித்தால் குழப்பம் வராது. அதற்குப் பிறகும் மணிக்கு 100 மி.லி.யைத் தாண்டி அடர்சிவப்பாக வந்தால், அடுத்த மணிக்குக் காத்திராமல் சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

வலி மருந்தோ, ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமோ மூட்டுக்குள் போட்டிருந்தால் ட்ரெய்னை 1–2 மணி நேரம் க்ளாம்ப் (டியூபை இறுக்கி மூடும் கவ்வி) போட்டு வைப்பார்கள். இல்லாவிட்டால் மருந்து நேராகப் பாட்டிலுக்குப் போய்விடும். திறக்க வேண்டிய நேரத்தை க்ளாம்பிலேயே டேப் ஒட்டி எழுதுங்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் மறந்துபோன க்ளாம்ப், வராத ட்ரெய்னுக்கு முதல் காரணம்.

ஜூன் 5

ட்ரெய்ன் வராததற்கு அடுத்த காரணங்கள்: முட்டியை அசையாமல் பிடிக்கும் பிரேஸின் பட்டை டியூபை நசுக்குவது, பெல்லோஸ் (அமுக்கிவிட்டால் விரிந்து உறிஞ்சும் மடிப்புப் பாட்டில்) முழுதும் விரிந்து கிடப்பது, மூடி சரியாக மாட்டாதது. மடிப்புகள் விரிந்துவிட்ட பெல்லோஸில் உறிஞ்சும் விசை இல்லை. அது வெறும் டப்பா. பாதி நிறைந்ததும் க்ளாம்ப் போட்டுக் காலிசெய்து, வாய்ப்பகுதியை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுதாக அமுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போட்டுவிட்டு க்ளாம்பைத் திறக்க வேண்டும். அளவைக் கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பாட்டில் எப்போதும் முட்டிக்குக் கீழே. கட்டில் கம்பியில் கட்டிவிட்டால் நோயாளி எழும்போது டியூப் பிடுங்கிக்கொள்ளும்.

முட்டி பெருத்துக்கொண்டே போகிறது, பாட்டிலில் ஒன்றுமில்லை என்றால் உள்ளே உறைந்த ரத்தம் அடைத்திருக்கலாம். டியூபை விரலால் மெதுவாகப் பிசைந்து விடலாம். சிரிஞ்சால் சலைனை உள்ளே தள்ளக் கூடாது. கிருமிக்கு நாமே வழி திறப்பதாகிவிடும்.

ஜூன் 6

எடுப்பது: பெரும்பாலும் 24 மணி நேரத்தில், 48-ஐத் தாண்ட விடுவதில்லை. நாள் கூடக் கூட டியூப் நுனியில் கிருமி குடியேறும் வாய்ப்பும் கூடும்.

முதலில் வெற்றிடத்தை விடுவிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் ஓட்டைகள் மூட்டுச் சவ்வைக் கவ்விக்கொண்டே வரும், நோயாளி துடித்துப்போவார். வலி மாத்திரை அரை மணி நேரத்துக்கு முன்பே. முட்டியைச் சற்று மடக்கி வைத்து, தையலை வெட்டி, மூச்சை வெளியே விடச் சொல்லி, டியூப் உள்ளே போன பாதையின் நேர்கோட்டிலேயே ஒரே சீராக வெளியே இழுப்பது. வராமல் டியூப் ரப்பர்போல மெலிந்து நீண்டால் உடனே நிறுத்துங்கள், அடுத்தது அறுந்துபோவதுதான். முட்டியைக் கொஞ்சம் மடக்கி நீட்டி, டியூபைச் சுழற்றி ஒருமுறை முயலலாம். பிறகும் வராவிட்டால் ஆபரேஷன் தியேட்டர்தான். வெளியே வந்ததும் நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே, டியூபில் ஓடும் கோடு அதில் தெரியும்.

ஜூன் 8

எடுத்த துளையில் ஒரு நாள் இளஞ்சிவப்பாகக் கசிவது சகஜம். முட்டி மறுபடி கல்போல இறுகினால், மேல் வெளிப்பக்கமாக 18 கேஜ் ஊசியில் டாக்டர் உறிஞ்சி எடுப்பார். ஏ.சி.எல். கேஸில் அந்த ரத்தத்தின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் பதற வேண்டாம், துளைத்த எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு அது. ஆனால் கெண்டைக்கால் விறைத்து, கால்விரலை நாம் அசைத்தாலே வலி தாங்காமல் கத்தினால், அது முட்டி சமாசாரம் அல்ல. காலில் சுற்றிய கட்டுத்துணியை, தோல் தெரியும்வரை முழுதாக வெட்டிப் பிரித்துவிட்டு அந்த நிமிடமே சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.