தரைக்கு அயோடெக்ஸ்

அமெரிக்காவில் பகல் நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் நல்ல செய்தியாக இருக்காது. ஜனவரி மாதம், பதினொன்றரை மணி, வெளியே 10 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 12. "உங்கள் மகள் சிக் ஆகிவிட்டாள்" என்றார் அலுவலகத்துப் பெண்மணி. காய்ச்சல் என்று நினைத்து "எத்தனை டிகிரி?" என்று கேட்டேன். அவர் தயங்கி, "இல்லை, தரையில்..." என்று இழுத்தார். ஒஹாயோவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வாந்திக்கு இவர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றாம் வகுப்பு வாசலில் கஸ்டோடியன் நின்றிருந்தார். கூட்டுவது, பல்பு மாற்றுவது, பனி தள்ளுவது, சாவிக்கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. கையில் ஒரு பெரிய டப்பா, மூடியில் துளைகள். அதிலிருந்து இளம்பச்சைத் தூளை அவசரமே இல்லாமல் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றித் தூவினார். தூவிவிட்டு நிமிர்ந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காலையில் நான் ஊட்டி அனுப்பிய தயிர்சாதம் அங்கே கிடந்தது. விளிம்பில் முதலில் நிறம் மங்கியது, அப்புறம் பளபளப்பு போனது, ஒரு நிமிஷத்துக்குள் மொத்தமும் புட்டுமாவு பதத்துக்கு வந்துவிட்டது. (இனிக் கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டில் புட்டு கிடையாது.) இரண்டு அட்டைகளால் அள்ளினார், பையில் போட்டார், முடிச்சுப் போட்டார். ஒரு சொட்டு வழியவில்லை.

கூடவே ஒரு வாசனை. எங்கேயோ முகர்ந்திருக்கிறோமே என்று யோசித்தேன். அயோடெக்ஸ்! அதே கந்தபூரத் தைல நெடி. நடவு நாட்களில் அப்பா ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தேய்க்கும்போது தெருமுனை வரைக்கும் போகுமே, அது. பாவம், இந்தத் தரைக்கு எங்கே சுளுக்கோ என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிக்கிற அம்மாவைக் கஸ்டோடியன் என்ன நினைத்திருப்பார், தெரியவில்லை.

மகள் நர்ஸ் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் நல்லவர்தான். கையுறை போட்டுக்கொண்டு நான்கடி தள்ளி நின்று, "யூ ஆர் சோ பிரேவ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வாந்திக்குப் பிறகு 24 மணி நேரம் கழித்துத்தான் பள்ளிக்கு வரலாம் என்று ஒரு தாள் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

சாயங்காலம், ஊரில் விடியற்காலை, வீடியோ காலில் அம்மாவிடம் சொன்னேன். தூளைப் பற்றித்தான் பெருமையாக ஆரம்பித்தேன். அம்மா குறுக்கே கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும். புள்ள வாந்தி எடுக்கறப்ப யாராச்சும் நெத்தியப் புடிச்சாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

மகளைக் கேட்டேன். "நோ. எல்லாரும் நகர்ந்துட்டாங்க. டீச்சர் ஸ்டெப் பேக், ஸ்டெப் பேக்னு சொன்னாங்க." சாதாரணமாகச் சொல்லிவிட்டு கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. வாந்தி எடுக்கிற பிள்ளையின் நெற்றியை ஒரு கையால் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவுவதற்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்மணிகூடப் பிடிப்பார். ஜன்னலோரம் நகர்ந்து உட்காரச் சொல்லி, பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துவிட்டு, "பித்தம் கண்ணு, காலையில வெறும் வயித்தோட கெளம்புனியா?" என்று விசாரித்து, இறங்குவதற்குள் நம் அம்மாவுக்கு நாலு புத்தியும் சொல்லிவிட்டுப் போவார். இங்கே குளிர் பழகிவிட்டது, வலப்பக்கம் ஓட்டப் பழகிவிட்டது, கடைக்காரர் "ஹவ் ஆர் யூ" என்றால் உண்மையான பதில் சொல்லாமலிருக்கக்கூடப் பழகிவிட்டது. இது மட்டும் தொண்டையில் நின்றுகொண்டது.

கோபம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது, படிப்பேன். அன்று ராத்திரி அந்தத் தூளைத் துரத்திக்கொண்டு போனேன். டப்பாவுக்கு டப்பா சரக்கு மாறுகிறது. சிலதில் பொடித்த களிமண், சிலதில் டயப்பருக்குள் இருக்கும் அதே பாலிமர், மேலே வாசனைக்கு மின்ட்டோ எலுமிச்சையோ. அதற்கு முன்பெல்லாம் மரத்தூள்தான். பக்கத்து மாநிலமான மிச்சிகனில் மரத்தூளும் எண்ணெய்க் கறை உறிஞ்சும் களிமண்ணும் விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் எட் லோ. 1947-இல் பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். பூனை மண் என்று ஒரு பெரிய வியாபாரமே அதிலிருந்து பிறந்தது. அது என்ன களிமண் என்று பார்த்தால், நம் ஊர் முல்தானி மிட்டி வகை! கல்யாணத்துக்கு முதல் வாரம் என் முகத்தில் காயவைத்த அதே சரக்கு. மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.

பாலிமரின் கதை இன்னும் விசேஷம். 1970-களில் இல்லினாயின் பியோரியா நகரில் இருக்கும் அரசு வேளாண் ஆய்வுக்கூடத்தில், மக்காச்சோள மாவை வைத்து ஒரு பொருள் செய்தார்கள். தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தண்ணீர் குடிக்கும். வைத்த பெயர் 'சூப்பர் ஸ்லர்ப்பர்'. மகா உறிஞ்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஈரம் நிற்கவும் விதை காயாமலிருக்கவும் உதவும் என்றுதான் அதைப் பெரிதாக எதிர்பார்த்தார்கள். அந்த வழியில் வந்த பிள்ளைகள் டயப்பருக்குள்ளும் வாந்தி டப்பாவுக்குள்ளும் குடியேறிவிட்டன. பிழைப்புக்காக எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆவது நமக்கு மட்டும் வாய்த்ததில்லை போலிருக்கிறது.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "அந்தத் தூள வயல்ல போட்டா தண்ணி நிக்குமா?" டெல்லி பூசாவில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நம் ஊருக்கே அப்படி ஒன்று செய்திருக்கிறது, 'பூசா ஹைட்ரோஜெல்' என்று பெயர் என்றேன். உப்பு இருந்தால் குடிக்கிற அளவு குறைந்துபோகும் என்றும் சொன்னேன். "அப்ப வேதாரண்யத்துக்காரனுக்கு ஆவாது" என்று உடனே தீர்ப்புச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "நம்ம மண்ணே அந்த வேலையத்தான பாக்குது" என்றார்.

அவர் அதைச் சொன்ன பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எங்கள் ஊர் மூணாறு தலைப்புக்குக் கீழே, பாமணியாற்றுப் பாசனம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற அந்தத் தலைப்பு நீடாமங்கலத்தில் இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேர நாளாகும். அதுவரை வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். புதுத்தண்ணி வரும்போது முதலில் வருவது தண்ணீரே இல்லை, நுரையும் சருகும்தான். பின்னால் செங்காவி நிறத்தில் ஒரு நாக்கு. அது வெடிப்புக்குள் இறங்கும்போது 'புஸ்ஸ்' என்று சத்தம் வரும், குமிழி வரும், உள்ளேயிருந்து பூரான் ஓடிவரும், பின்னாலேயே மண்வாசம் வரும். வெடிப்பு நிரம்பும் வரை தண்ணீர் ஓரடி நகராது. குடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கஸ்டோடியன் கடிகாரத்தைப் பார்த்து நின்ற ஒரு நிமிஷத்தில் நான் தரையிலிருந்து கண்ணை எடுக்காததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பள்ளியில் தூள் கிடையாது, சாம்பல்தான். சத்துணவு அடுப்பில் விறகுச் சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை. யாராவது வாந்தி எடுத்தால் ஆயா பழைய தகரத்தில் சாம்பலை அள்ளிக்கொண்டு வருவார். ('வருவார்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது வாத்தியார் முதல் பிள்ளைகள் வரை 'ஆயா வந்துச்சு' என்றுதான் சொல்வோம்.) சாம்பலைக் கொட்டி மூடி, தென்னந்துடைப்பத்தால் கூட்டித் தள்ளி, மேலே சாணித் தண்ணீர் தெளித்துவிட்டால் முடிந்தது.

மூன்றாம் வகுப்பில் நான் எடுத்தேன். ஆயா அன்றைக்குச் சாம்பலுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து நெற்றியைப் பிடித்தார். கரிப்பிடித்த கை, புளி வாசனை, அடுப்புச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. "எல்லாத்தயும் எடுத்துரு, எல்லாத்தயும் எடுத்துரு" என்றார். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து வீடு வரை கூட்டிவந்தார். வாசல்வரை. உள்ளே வரவில்லை. காலனித் தெருவிலிருந்து வருகிறவர். எங்கள் வாசற்படி தாண்டியதில்லை.

அப்பாயி என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்த் தலையோடு நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள். வாந்தி எடுத்ததற்காக ஊற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாந்தி எடுத்த பிள்ளைக்கு யாரும் தலைக்கு ஊற்ற மாட்டார்கள், உடம்பைத் துடைத்துப் படுக்க வைப்பார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, என் மகளைத் துடைத்துப் படுக்கவைத்த ஒரு ராத்திரியில்தான் உறைத்தது. சரி, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நெற்றி நெற்றி என்று மூன்று நாளாகப் புலம்பிக்கொண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

மகள் அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி எடுத்தாள், படுக்கையறைக் கார்ப்பெட்டில். ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தேன். மூன்று வருஷப் புலம்பெயர் வாழ்வின் மொத்த நியாயமும் என் வலது கையில் இருந்தது. அவள் தலையை உதறி, "அம்மா, முடி இழுக்குது! பவுடர் போடு முதல்ல!" என்றாள்.

பவுடருக்கு எங்கே போவது? சமையலறையில் தேடினேன். கையில் அகப்பட்டது மன்னார்குடியிலிருந்து கொண்டுவந்த கோலமாவுப் பொட்டலம். மார்கழி முழுக்க வாசலில் பனி கிடந்ததால் பிரிக்காமலே இருந்தது. பிரித்துக் கொட்டினேன். உறிஞ்சியது, ஏதோ சுமாராக. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு வந்ததும் கை தன்னால் ஒரு கம்பி இழுக்கப் பார்த்தது, நிறுத்திக்கொண்டேன். "இதுல வாசனையே இல்ல" என்று குறை சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள். காலையில் வேக்குவம் கிளீனர் ஒரு பாட்டம் இருமிவிட்டு நின்றது. 24 மணி நேரக் கணக்கும் மறுபடி பூஜ்யத்திலிருந்து.

இவ்வளவுக்கும் அந்தத் தூள் கிருமியைக் கொல்வதில்லை, ஈரத்தை அள்ள வழிசெய்கிறது, அவ்வளவுதான். பிளீச் அடித்துக் காத்திருந்து துடைத்தால்தான் வாந்தியைப் பரப்பும் நோரோ வைரஸ் போகும். கையில் தடவும் சானிடைசரை நம்பிப் பயனில்லை, சோப்பும் தண்ணீரும்தான் கதி. அந்த வைரஸுக்குப் பெயர் கொடுத்த நார்வாக் நகரம் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். 1968-இல் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் பாதிப் பேருக்கு வாந்தி. 1972-இல் அதிலிருந்துதான் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பிளீச்சிங் பவுடர் விஷயத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அமைச்சர் வருகிறார் என்றால் சாலையின் இரண்டு பக்கமும் ரங்கோலி போல் போட்டுவிடுவோம்.

'ஸ்டெப் பேக்' என்று டீச்சர் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. துளி தெறிக்கும், அடுத்த நாள் வகுப்பே படுத்துவிடும். புரிந்தது, ஆனாலும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். கஸ்டோடியன் வாசலில் உப்பு தூவிக்கொண்டிருந்தார். மகள் அவர் பெயரைச் சொல்லிக் கையை ஆட்டினாள். அவரும் இவள் பெயரைச் சொல்லி, "வயிறு எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தார். பெயர் அவர் சட்டையில் தைத்திருக்கிறது. (இங்கே எழுதவில்லை, அவரைக் கேட்கவில்லை.) அவருடைய நாய்க்கு என்ன பெயர், அவருக்கு எந்த ஐஸ்கிரீம் பிடிக்கும் என்பதெல்லாம் இவளுக்குத் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு வகுப்பே சேர்ந்து அவருக்கு வாழ்த்து அட்டை எழுதியதாம்.

சாயங்காலம் கஞ்சி குடித்துக்கொண்டே ஆயா கதையைக் கேட்டாள். சாம்பல், தகரம், புளி வாசனை எல்லாம் சொன்னேன். தலைக்கு ஊற்றியதைச் சொல்லவில்லை. முடித்ததும், "வாட்ஸ் ஹெர் நேம்?" என்றாள்.

"ஆயா."

"அது நேம் இல்லம்மா."

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எந்த ஆயா? ஓ, அதுவா... அது செத்து பத்து வருஷம் இருக்கும். பேரா?" யோசித்தாள். போனைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணைப் பக்கம் குரல் கொடுப்பது கேட்டது. அப்பா ஏதோ சொன்னார். அம்மா திரும்பி வந்தாள்.

"ஆயான்னுதான்டி கூப்புடுவோம். அப்பாவுக்கும் தெரியலயாம். ஏன், இப்ப என்னத்துக்கு? புள்ள கஞ்சி குடிச்சுதா?"

குடித்துவிட்டாள் என்றேன்.