கிளிண்டன் வரட்டும் என்று அவர்கள் சொன்ன பிறகு

வெளிநாட்டுச் சிறையில் மாட்டிக்கொண்ட ஒருவருக்காக ஆள் திரட்டுகிற வேலையில் இறங்கினால், முதலில் பழக வேண்டியது வாயை அடக்குவது. பிடித்து வைத்திருக்கிற அரசைத் திட்டித் தீர்க்க ஆயிரம் காரணம் இருக்கும். திட்டினால் நமக்கு நிம்மதி, உள்ளே இருப்பவருக்குக் கூடுதல் தொல்லை. 2009-இல் வட கொரியாவில் பிடிபட்ட லாரா லிங், யூனா லீ என்ற இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் கூடிய தன்னார்வலர்களில் நானும் ஒருவன். இதைப் பற்றி இப்போதும் யாராவது கேட்டால் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

எனக்கு வீடியோ எடிட்டிங் தொழில். யூனா லீயும் எடிட்டர்தான். அல் கோரும் சேர்ந்து தொடங்கிய கரண்ட் டிவி என்ற சேனலுக்காக, வட கொரியாவிலிருந்து தப்பிச் சீனாவுக்கு வரும் பெண்கள் விற்கப்படுவதைப் படமெடுக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். எனக்கு நேர்ப் பழக்கமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் நாலு பேரைத் தெரிந்தால் நாற்பது பேரைத் தெரியும். நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார், போனேன். 2009 மார்ச் 17 அன்று சீன எல்லையில் உறைந்து கிடந்த டூமன் ஆற்றங்கரையில் வட கொரிய வீரர்கள் இருவரையும் பிடித்துப் போனார்கள். கூடப் போன கேமராக்காரரும் வழிகாட்டியும் ஓடித் தப்பித்து, சீனக் காவலர்களிடம் மாட்டினார்கள்.

மார்ச், ஏப்ரல், மே முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்கவில்லை, வெளியில் பார்ப்பவர்களுக்கு. குடும்பத்தார் பேசவில்லை. கரண்ட் டிவியும் வாய் திறக்கவில்லை. சத்தம் போட்டால் விலை ஏறும் என்று ஆலோசனை. அதே நேரத்தில் வட கொரியா ஏப்ரல் 5-இல் ராக்கெட் விட்டது, மே 25-இல் அணுகுண்டைச் சோதித்தது. செய்தியில் அந்த நாட்டின் பெயர் வராத நாளில்லை, இந்த இரண்டு பெண்களின் பெயர் வந்த நாள் குறைவு. சும்மா இருப்பதுதான் உதவி என்று நமக்குச் சொல்லப்படும்போது கை பரபரக்கும். நான் என் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். எடுத்த இளைஞர் ஒவ்வொரு முறையும் ஒரே தாளைப் பார்த்து ஒரே வாக்கியங்களைப் படித்தார். பாவம், அவருக்கும் வேறெதுவும் தெரியாது. வட கொரியாவில் அமெரிக்காவுக்குத் தூதரகம் கிடையாது. அமெரிக்கர்களின் விவகாரத்தைப் பியோங்யாங்கில் உள்ள ஸ்வீடன் தூதரகம்தான் கவனிக்கும். அந்தத் தூதர் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்னொரு வழி, நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான வட கொரியப் பிரதிநிதிகள். நாம் எழுதும் கடிதம் எந்தக் கையில் போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலை.

ஜூன் தொடக்கத்தில் குடும்பத்தார் தொலைக்காட்சியில் பேசினார்கள். கூப்பாடு இல்லை, கண்டனம் இல்லை. எல்லை தாண்டியிருந்தால் அது வேண்டுமென்றே செய்ததல்ல, வருந்துகிறோம், கருணை காட்டுங்கள் என்றார்கள். விசாரணை ஜூன் 4. அதற்கு முந்தைய மாலை பல நகரங்களில் மெழுகுவத்தி ஏந்திக் கூடினோம். எங்கள் கூட்டத்துக்கு ஒருவர் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் இல்லின் முகத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்த அட்டையோடு வந்தார், நன்றாகவே வரைந்திருந்தார். ஒருங்கிணைத்த பெண் அவரைத் தோளில் தட்டி, “அண்ணா, இதைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்” என்கிற தோரணையில் ஆங்கிலத்தில் கெஞ்சினார். மனிதருக்குக் கோபம். கருத்துச் சுதந்திரத்துக்காகத்தானே கூடியிருக்கிறோம், என் கருத்தை ஏன் மறைக்க வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான். நாளைக்கு அந்த அட்டையின் படம் பியோங்யாங்கில் ஒரு மேசைக்குப் போனால் யார் பதில் சொல்வது என்று திருப்பிக் கேட்டதும் போய் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்குக் காற்று வேறு. காகிதக் கோப்பையில் ஓட்டை போட்டுச் செருகிய மெழுகுவத்திகள் அணைந்துகொண்டே இருக்க, ஒருவர் ஒருவரிடமிருந்து பற்றவைத்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 8 அன்று தீர்ப்பு: ஆளுக்குப் 12 வருடம், உழைப்பு முகாம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மின்னஞ்சல் குழுவில் ‘யாரை அனுப்பலாம்’ என்ற சண்டை சூடுபிடித்தது. அல் கோர் முன்னாள் துணை அதிபர், அவர்களுடைய நிறுவனத்தின் தலைவர், அவர்தான் போக வேண்டும் என்று ஒரு கட்சி. பில் ரிச்சர்ட்சன் என்று இன்னொரு கட்சி. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது 1996-இல் பியோங்யாங் போய் ஓர் அமெரிக்க இளைஞரை அழைத்து வந்தவர். நான் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பக்கம். 1994 ஜூனில், அணு உலைப் பிரச்சினை முற்றி யுத்தம் வரும்போல இருந்த நேரத்தில், பதவியில்லாத மனிதராகப் போய், கிம் ஜோங் இல்லின் அப்பாவும் அன்றைய தலைவருமான கிம் இல் சுங்கைப் பார்த்துப் பேசித் தணித்தவர் அவர். அந்த வருட அக்டோபர் ஒப்பந்தத்துக்கு வழி திறந்தது அந்தப் பயணம்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2000-இல் வீரப்பனிடமிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை மீட்க இரண்டு மாநில அரசுகளும் காட்டுக்குள் அனுப்பியது எந்த அதிகாரியையும் இல்லை, பத்திரிகை ஆசிரியரான நக்கீரன் கோபாலைத்தான்.

கொரியாடவுனில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவார், அதிகம் பேச மாட்டார். நாங்கள் ஆளாளுக்குப் பெயர் சொல்லி முடித்ததும் ஒருநாள், “நீங்கள் அனுப்ப நினைப்பவர் யார் என்பது கணக்கில்லை. அவர்கள் யாரை வரவேற்க ஆசைப்படுகிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவே இல்லை. கோர் வந்தால் போதாது என்பது அவர்களுடைய பதிலாக இருந்தது. ஜூலை நடுவில் லாரா லிங் வீட்டுக்குப் போனில் பேசியபோது, பில் கிளிண்டன் வந்தால் பொதுமன்னிப்புக் கிடைக்கும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதைத் தெரிவித்தார். தூதர் யார் என்பதைச் சிறை வைத்தவர்களே தீர்மானித்து, கைதியின் வாய் வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் எங்களைப் போன்ற வெளிவட்டத்துக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். தெரியாமல் வைத்திருந்ததும் சரியே. எங்கள் குழுவில் ஒருவர் வாய்விட்டிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும்.

ஏன் கிளிண்டன்? 1994-இல் கிம் இல் சுங் இறந்தபோது அதிபராக இருந்து இரங்கல் செய்தி விட்டவர் அவர். 2000-இல் அவருடைய வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட் பியோங்யாங் போனார். அடுத்து கிளிண்டனே வருவார் என்று அவர்கள் காத்திருந்தார்கள், அது கைகூடாமல் பதவிக்காலம் முடிந்தது. கிம் ஜோங் இல்லுக்கு 2008-இல் பக்கவாதம் வந்ததாகச் செய்தி. ஆளே இருக்கிறாரா என்ற பேச்சு உலகம் முழுக்க. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பக்கத்தில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டால் உள்ளூருக்கும் வெளியூருக்கும் ஒரே நேரத்தில் பதில். ஒபாமா அரசுக்கும் வசதிதான்: பதவியில் இருப்பவர் போனால் அணுகுண்டுக்குப் பரிசு கொடுத்ததாகும், முன்னாள் அதிபர் போனால் ‘தனிப்பட்ட, மனிதாபிமானப் பயணம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அவருடைய மனைவிதான் அப்போது வெளியுறவு அமைச்சர் என்பதால் அந்த ‘தனிப்பட்ட’ என்பதை எவ்வளவு பேர் நம்பினார்கள் என்பது வேறு கதை.

அந்த மனைவியால்தான் ஜூலை கடைசியில் எனக்கு வயிறு கலங்கியது. ஹிலாரி கிளிண்டன் ஒரு பேட்டியில் வட கொரியாவைக் கவனத்துக்கு ஏங்கும் சின்னப் பிள்ளையோடு ஒப்பிட்டார். தாய்லாந்தின் புக்கெட்டில் ஆசியான் கூட்டம் நடந்த சமயத்தில் வட கொரிய வெளியுறவு அமைச்சகம் பதிலடி கொடுத்தது: இந்த அம்மா சில நேரம் பள்ளிக்கூடச் சிறுமி மாதிரி இருக்கிறார், சில நேரம் கடைக்குப் போகும் ஓய்வூதியக்காரர் மாதிரி இருக்கிறார் என்று. நாங்கள் ஒரு கேலிச்சித்திர அட்டையைக் காருக்குள் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம், மேலே இப்படி! நல்லவேளை, உள்வழிப் பேச்சு இந்த வாய்ச்சண்டையால் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 3 இரவு எங்கள் ஊரில். பியோங்யாங்கில் 4-ஆம் தேதி. கிளிண்டன் இறங்கிவிட்டார் என்ற செய்தி ஓடத் தொடங்கியதும் போன் ஓயவில்லை. எனக்கு அந்தப் புகைப்படத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தொழில் புத்தி. பின்னால் சுவர் முழுக்க அலை மோதும் கடல் ஓவியம். முன்னால் நாற்காலியில் கிம் ஜோங் இல், மெலிந்து போயிருந்தாலும் முகத்தில் மகிழ்ச்சி. பக்கத்தில் கிளிண்டன், எப்போதும் சிரிக்கும் அந்த முகத்தில் துளி சிரிப்பில்லை, முறைப்பும் இல்லை. அத்தனை வருடம் ஃபுட்டேஜ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தற்செயல் என்று படவில்லை. அந்த நாளில் அவர் செய்த வேலையின் பெரும்பகுதி அந்த முகத்தை அப்படி வைத்திருந்ததுதான் என்பது என் எண்ணம். கேட்டவருக்குப் படம் கிடைத்தது, படத்தில் சிரிப்பு மட்டும் கிடைக்கவில்லை.

கிளிண்டன் மன்னிப்புக் கேட்டதாகவும் ஒபாமாவின் செய்தியைக் கொண்டுவந்ததாகவும் அவர்கள் அரசு ஊடகம் எழுதியது. வாஷிங்டன் இரண்டையும் மறுத்தது. இரண்டு தரப்பும் அவரவர் வீட்டில் அவரவருக்கு வேண்டிய கதையைச் சொல்லிக்கொள்ள இடம் விட்டதால்தான் காரியம் முடிந்தது. அரசுத் தூதர் போயிருந்தால் கூட்டறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாரம் இழுத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 5 விடிகாலை, ஹாலிவுட் தயாரிப்பாளர் ஸ்டீவ் பிங்கின் விமானத்தில் பர்பாங்க் விமான நிலையத்துக்கு வந்து இறங்கினார்கள். நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். கிளிண்டன் பேசவில்லை. லாரா லிங்தான் பேசினார்: முகாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு சந்திப்பு என்று அழைத்துப் போனார்கள், கதவைத் தாண்டினால் எதிரே கிளிண்டன் நின்றார் என்று. யூனா லீ நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டதைப் பார்த்து எங்கள் வீட்டு ஹாலில் இருந்த ஆண்களும் அழுதோம்.

திட்டியவர்களும் இருந்தார்கள். புஷ் காலத்தில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் போல்டன், இது பயங்கரவாதிகளோடு பேரம் பேசுவதற்கு நெருக்கமானது, இனி அமெரிக்கர்களைப் பிடிக்கத் தூண்டும் என்று எழுதினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மறு வருடமே வேறோர் அமெரிக்கரை மீட்கக் கார்ட்டர் பியோங்யாங் போக வேண்டி வந்தது. கிம் ஜோங் இல் அவரைப் பார்க்காமல் சீனாவுக்குக் கிளம்பிவிட்டார், ஆனாலும் கைதியை விட்டார்கள். என்னை அதைவிட உறுத்தியது இன்னொன்று. சீன எல்லையில் வட கொரிய அகதிகளுக்கு அடைக்கலம் தந்த ஒரு பாதிரியார், இந்தக் குழுவிடம் பிடிபட்ட டேப்களால் அகதிப் பிள்ளைகளின் விடுதிகளை மூட வேண்டியதாயிற்று என்று குறை சொன்னார். பெண்கள் இருவரும் செப்டம்பரில் எழுதிய கட்டுரையில், பிடிபட்டதும் குறிப்புத்தாள்களை விழுங்கியதையும் டேப்களைச் சேதப்படுத்தியதையும் சொன்னார்கள். காவல் இருக்கும்போது கேசட்டுக்குள் விரல் விட்டு நாடாவைக் கெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். நான் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. முன்னாள் அதிபர் யாரும் அந்த விடுதிகளுக்காக விமானம் ஏற மாட்டார்.

பல வருடம் கழித்து, 2021-இல், அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனி ஃபென்ஸ்டருக்காக உழைத்தவர்களில் ஒருவர் பொது நண்பர் மூலம் என்னிடம் பேசினார். ஃபென்ஸ்டர் ஃபிரான்டியர் மியன்மார் இதழின் நிர்வாக ஆசிரியர், மே 24 அன்று யாங்கூன் விமான நிலையத்தில் பிடிபட்டவர். தெரிந்ததைச் சொன்னேன்: ராணுவத்தைத் திட்டும் அட்டைகளை அவருடைய பெயர் இருக்கும் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள், அவர்களாக ஒரு பெயர் சொல்கிறார்களா என்று காது கொடுங்கள். நவம்பர் 12-இல் 11 வருடத் தண்டனை. மூன்றே நாளில் ரிச்சர்ட்சன் கையில் ஒப்படைத்தார்கள். அதே ரிச்சர்ட்சன், நியூ மெக்ஸிகோவின் முன்னாள் ஆளுநர். 2006-இல் சூடானில் பால் சலோபெக் என்ற நிருபரையும், கூடப் பிடிபட்ட ஓட்டுநரையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்து மீட்டவர். 2021 நவம்பர் தொடக்கத்தில் அவர் மனிதாபிமான உதவி பற்றிப் பேச மியன்மார் போனபோது, ஃபென்ஸ்டர் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லியிருந்தது. ராணுவ ஆட்சியை யாரும் மதித்துப் பேசாத நேரத்தில் மதித்து வந்து உட்கார்ந்தவர் அவர், அதற்குத்தான் அவர் கையில் கொடுத்தார்கள். மியன்மார்ச் சிறையில் இருந்த உள்ளூர் நிருபர்களுக்கு இப்படி ஒரு விமானம் வரவில்லை.

ரிச்சர்ட்சன் 2023 செப்டம்பரில் காலமானார். அந்த வருடம் மார்ச்சில் ரஷ்யா பிடித்த அமெரிக்க நிருபர் இவான் கெர்ஷ்கோவிச் விஷயத்தில் ‘ஏன் ஒரு முன்னாள் அதிபரை அனுப்பக் கூடாது’ என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் உண்டு. ரஷ்யாவுக்கு வேண்டியிருந்தது படம் இல்லை, பெர்லினில் கொலை செய்து ஜெர்மனிச் சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்த க்ராசிகோவ். அவரை விட ஜெர்மனி அரசு சம்மதித்த பிறகே 2024 ஆகஸ்ட் 1 அன்று அங்காரா விமான நிலையத்தில் 24 பேர் கைமாறினார்கள். க்ராசிகோவை எந்த முன்னாள் அதிபராலும் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்க முடியாது.