தீவனத்தொட்டி காலியாக இருக்கும் நாள்கள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் முதல் கிறிஸ்மஸ் நட்சத்திரம் நவம்பர் பாதியிலேயே ஏறிவிடுகிறது. கமர்ஷியல் தெருக் கடைகளில், தீபாவளிச் சரக்கை எடுத்து வைத்த கையோடு, விளக்குச் சரங்களும் பஞ்சுப் பனியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நான் வேலை செய்யும் அலுவலகத்தில் டிசம்பர் 12 வாக்கில் கேக் வெட்டி, கிறிஸ்மஸ் தாத்தாவின் தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்லி முடித்துவிடுவார்கள். டிசம்பர் 25 வரும்போது நகரத்துக்கு விழா அலுத்துப்போயிருக்கும். எங்கள் வீட்டில் அன்றுதான் அது தொடங்கும். அதற்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலமாகக் கடைப்பிடிப்பது எப்படி என்பதை எனக்குப் பாடமாகச் சொல்லாமல், வீட்டில் செய்தே காட்டியவர் என் மாமியார்.

நான் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் திருவருகைக் காலத்தின் தொடக்கம் எப்போதும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் கரைந்துபோகும். நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-இல் நிறைவடையும் அந்தப் பத்து நாள்களும் தேரும் கடைகளும் உறவினர் கூட்டமுமாக இருக்கும்போது, பீடத்தில் குருவானவர் ஊதா உடைக்கு மாறியிருப்பதையும், பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் பாடப்படாததையும் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது? திருவிழா முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கத் தொடங்கிவிடுவார்கள். காத்திருத்தல் என்ற ஒன்று நடுவில் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

அத்தை கிளீவ்லேண்ட் டவுனில் பிறந்தவர். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் திருமுழுக்குப் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, அங்கேயே மணமுடித்தவர். அவருடைய வீட்டில் டிசம்பருக்கென்று தனிச் சட்டங்கள் இருந்தன. திருமணமான முதல் ஆண்டு, நவம்பர் கடைசியில் நான் ஆசையாக வாங்கிவந்த காகித நட்சத்திரத்தை அவர் மறுக்கவில்லை. பால்கனியில் கட்டவும் விட்டார். விசையைத் தட்டப் போனபோதுதான், “அது 17-ஆம் தேதிக்கும்மா” என்றார். பதினெட்டு நாள் இருட்டில் தொங்கிய அந்த நட்சத்திரத்தைப் பார்த்து, பல்பு போய்விட்டதா என்று எதிர்வீட்டார் இரண்டு முறை கேட்டார்கள்.

மெழுகுதிரி வளையம் மட்டும் இந்த வீட்டுக்கு என் வழியாக வந்தது. மறைக்கல்வி வகுப்பில் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதற்காகத் தொடங்கினோம். கத்தோலிக்க வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இந்த வளையம் உண்மையில் லூத்தரன் சபையாரிடமிருந்து வந்தது. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், கிறிஸ்மஸ் எப்போது என்று தினமும் நச்சரித்த பிள்ளைகளுக்காக, 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரிகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளும் நட்டு வைத்தார் என்று சொல்கிறார்கள். கத்தோலிக்க ஆலயத்துக்குள் அது 1925 வாக்கில் கொலோன் நகரில்தான் நுழைந்தது. இதை அத்தையிடம் சொன்னபோது, நல்லதாக இருந்தால் யாருடையதாக இருந்தால் என்ன என்று முடித்துக்கொண்டார்.

ஐரோப்பாவில் ஊசியிலைக் கிளைகளால் கட்டுகிறார்கள். நமக்கு இருக்கவே இருக்கிறது சவுக்கு. கம்பியை வட்டமாக வளைத்து, சவுக்குக் கிளைகளைச் சணல் கயிற்றால் இறுக்கி, மூன்று ஊதா மெழுகுதிரிகளையும் ஒரு ரோஜா நிற மெழுகுதிரியையும் நிறுத்த வேண்டும். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு உரியது. பேராலயத்துக்கு எதிரே ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் எத்தனை முறை அலைந்தும் ஒரே அளவில் மூன்று ஊதா மெழுகுதிரிகள் எனக்கு அமைந்ததில்லை. ஆகவே சாதாரண வெள்ளை மெழுகுதிரிகளை வாங்கி அடியில் ரிப்பன் சுற்றிவிடுகிறேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சவுக்கு இரண்டே வாரத்தில் காய்ந்து சருகாகிவிடும். ஒரு மகிழ்ச்சி ஞாயிறன்று, பாதியாகக் கரைந்திருந்த முதல் மெழுகுதிரியிலிருந்து நெருப்பு கிளைக்குத் தாவி, என் கணவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவர வேண்டியதாயிற்று. அதன்பின் வளையம் ஈர மணல் பரப்பிய பித்தளைத் தாம்பாளத்தில்தான் இருக்கிறது. கிளைகளையும் இரண்டாம் வாரத்தில் மாற்றிவிடுகிறோம்.

ஏற்றுவது இரவு எட்டு மணிக்கு. செபமாலை முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டில் இளையவனான மகன் அந்த வாரத்துக்கு உரிய மெழுகுதிரிகளை ஏற்றுவான். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு. மகள் எசாயா நூலிலிருந்து நாலைந்து வரிகள் வாசிப்பாள். யார் ஊதி அணைப்பது என்பதில் நாள்தோறும் சண்டை உண்டு. அதைத் தீர்க்க இதுவரை எந்த வழியும் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை அந்த மெழுகுதிரிகள்தான் எனக்குக் கண்ணில் காட்டின. டிசம்பர் 25-க்கு முந்தைய நான்காம் ஞாயிறில் காலம் தொடங்குவதால், கிறிஸ்மஸ் ஞாயிறன்று வந்தால் 28 நாள்கள் கிடைக்கும். திங்களன்று வந்தால் 22 நாள்களே. 2022-இல் முழு 28 நாள்கள். அடுத்த ஆண்டோ முதல் ஞாயிறே டிசம்பர் 3-ஆம் தேதிதான். கோட்டாற்றில் தேர் ஓடிக்கொண்டிருப்பதை அம்மா தொலைபேசியில் காட்டிக்கொண்டிருக்க, இங்கே நாங்கள் முதல் திரியை ஏற்றினோம். நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-ஆகவே அமைந்துவிட்டதால், அன்று காலையில் ஏற்றிய நான்காவது மெழுகுதிரி மாலைக்குள் வேலை முடிந்து, விரல் நுனி அளவுகூடக் கரையாமல், மற்ற மூன்று கட்டைகளுக்கு நடுவில் நெட்டையாக நின்றது.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமானது அத்தையின் ராகித் தட்டு. ஊரில் நாங்கள் கேழ்வரகு என்போம். இங்கே வந்தபின் எனக்கும் ராகி என்றே வாயில் வருகிறது. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் கிறிஸ்மஸ் குடிலுக்குப் புல்தரை வேண்டும் என்பதற்காக, டிசம்பர் 13-இல், புனித லூசியா திருநாளன்று, அத்தை ராகி விதைப்பார். முந்தின இரவே ஒரு கைப்பிடி ராகியை ஊறவைத்து, பழைய கேக் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னைநார்க் கழிவும் மண்ணும் கலந்து பரப்பி, அதன்மேல் ராகியை இடைவெளி தெரியாமல் தூவி, நனைத்த சாக்குத் துணியால் மூடிவிடுவார். இரண்டு நாளில் வெள்ளை முனைகள் தெரியும். உடனே துணியை எடுத்துவிட்டுச் சன்னலோரம் வைத்து, தண்ணீரை ஊற்றாமல் விரல்களால் தெளித்துவர வேண்டும். முதலில் ஊசி போன்ற வெளிறிய தளிர்கள் வரும். வெளிச்சம் பட்டதும் ஒரே பகலில் பச்சை ஏறும். 24-ஆம் தேதிக்குள் நான்கு விரற்கிடை வளர்ந்து, கையால் தடவினால் பூனையின் முதுகைப் போல மெத்தென்றிருக்கும். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் துணியை நான்கு நாள் மூடியே வைத்ததில் தட்டு முழுவதும் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு எதிர்த்திசையில் தவறினேன். “மணிக்கொரு தரம் துணியைத் தூக்கிப் பார்த்தா அது எப்படிம்மா முளைக்கும்?” என்று அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குரோவாசியாவிலும் ஹங்கேரியிலும் இதே டிசம்பர் 13-இல் கிறிஸ்மஸுக்காகக் கோதுமை விதைக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது வியப்பாக இருந்தது. அத்தைக்கு அந்த நாடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது; அவருடைய அம்மா அன்றைக்குத்தான் விதைப்பாராம். கீழ்வீட்டு மதுரைக்கார அக்காவோ தட்டைப் பார்த்ததுமே, “இது நம்ம முளைப்பாரிதானே” என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

பலகாரம் செய்வது டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமையில். முந்திரிக்கொத்து என் பங்கு, குல்குல் அத்தையின் பங்கு. மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். தரையில் செய்தித்தாள் விரித்து ஐந்து பேரும் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும். மகன் சுருட்டுவது மட்டும் எப்போதும் புழுவைப் போல வரும். பொரித்தெடுத்ததும் அத்தை அத்தனையையும் டப்பாவில் அடைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவார். 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் மூடி திறக்கும். இதைக் கஞ்சத்தனம் என்று நான் முதலில் நினைத்தேன். அவருடைய சிறுவயதில் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒருசந்தியும் (நோன்பு) சுத்தபோசனமும் (புலால் தவிர்த்தல்) இருந்தன. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இருந்த அந்தக் கடமை 1966-இல் நீக்கப்பட்டது. சட்டம் போனாலும், 24-ஆம் தேதி மதியம் அவர் தட்டில் ரசமும் சாதமும் மட்டுமே இருக்கும். எங்களை அவர் வற்புறுத்துவதில்லை. ஆனால் அந்த ரசத்துக்கு எதிரில் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட யாருக்கு மனம் வரும்? இப்போது ஐந்து தட்டுகளிலும் ரசம்தான்.

டிசம்பர் 17-இல் நட்சத்திரத்தின் விசை தட்டப்படும். அன்று முதல் வழிபாட்டின் நோக்கும் மாறுகிறது. அதுவரை ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியே பேசிவந்த வாசகங்கள், அன்று இயேசுவின் மூதாதையர் பட்டியலில் தொடங்கிப் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. 23 வரை ஏழு நாள்கள், மாலைப் புகழ் என்ற மாலைச் செபத்தில் ‘ஓ’ என்று விளித்துத் தொடங்கும் ஏழு முன்மொழிகள், அதாவது சிறு பாடல் வரிகள், உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இந்த ஏழு விளிகளின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால், ‘நாளை இருப்பேன்’ என்று பொருள்படும் ‘ஏரோ கிராஸ்’ என்ற தொடர் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்தப் புதிர் பிடித்துப்போனதால், ஏழு விளிகளையும் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, நாளுக்கு ஒன்றாகத் திறக்கிறார்கள். ஏறத்தாழ அதே நாளில்தான் மார்கழியும் பிறக்கிறது. விடியற்காலைக் குளிரில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி பாட, எதிர்வீட்டு வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம் இருக்க, எங்கள் பால்கனியில் நட்சத்திரம் எரியும். தெருவே யாரையோ எழுப்பக் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

குடில் கட்டும் வேலை டிசம்பர் 8, மாதாவின் அமல உற்பவத் திருநாளன்று தொடங்கும். பழுப்புத் தாளைக் கசக்கி, கரித்தூளும் தேநீர்க் கழிவும் பூசி மலை செய்வது என் கணவரின் பொறுப்பு. ஆடுகள் முதலில் வரும், பிறகு மாடும் கழுதையும். மூன்று அரசர்கள் குடிலுக்குள் வருவதில்லை. அவர்கள் ஃபிரிட்ஜின் மேலிருந்து புறப்பட்டு, புத்தக அலமாரி, தொலைக்காட்சிப் பெட்டி என்று ஊர்ந்து, சனவரி 6-இல்தான் வந்துசேர்வார்கள். ஒட்டகத்தின் முறிந்த காலை எம்சீல் வைத்து ஒட்டியிருப்பதால் அதற்குப் பயணம் கொஞ்சம் சிரமம்தான். மாதாவும் சூசையப்பரும் 24-ஆம் தேதி காலையில் நுழைவார்கள். தீவனத்தொட்டியில் வைக்கோல் மட்டும் இருக்கும், வேறொன்றும் இராது. அந்த வைக்கோலுக்கும் கணக்கு உண்டு: பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு ஒறுத்தலுக்கும் ஒரு வைக்கோல். சில ஆண்டுகளில் தொட்டி மிகவும் கட்டாந்தரையாகத்தான் இருந்திருக்கிறது.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் உயிருள்ள மாடும் கழுதையும் வைக்கோலும் தொட்டியும் இருந்தன, சுரூபம் (சிலை) எதுவும் இருக்கவில்லை என்று அறிந்தபோது, அத்தையின் காலித் தொட்டி எனக்கு இன்னும் பிடித்துப்போனது. இன்று பல குடில்களில் முதல் நாளிலேயே குழந்தை படுத்திருப்பதைப் பார்க்கும்போது, பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு பேறுகாலத்துக்கு நாள் எண்ணுவதுபோல இருக்கிறது.

எங்கள் குழந்தை இயேசு சுரூபம் அத்தையின் பீரோவில், அவருடைய கல்யாணப் புடைவையின் மடிப்புக்குள், பஞ்சில் சுற்றப்பட்டிருக்கும். 2023-ஆம் ஆண்டு நள்ளிரவுப் பூசை முடிந்து திரும்பியபோது இரண்டு மணி ஆகிவிட்டது. மகன் தூக்கக் கலக்கத்தில், விளக்குப் போடாமலே ராகித் தட்டைத் தொட்டியருகே நகர்த்தினான். அத்தை சுரூபத்தைக் கொண்டுவரும்போது வெளிச்சத்துக்கு வேறொன்றும் அகப்படாமல், அந்த நெட்டையான நான்காவது மெழுகுதிரியையே ஏற்றிப் பிடித்தேன். ஐந்தாறு நிமிடம்தான் எரிந்தது. மீதியை இழுப்பறையில் போட்டு வைத்து, அடுத்த ஆண்டு வளையத்தில் முதல் மெழுகுதிரியாக நட்டோம். ரிப்பன் மட்டும் புதிது.