எட்டாம் வகுப்பு சாம்பியன்கள் எங்கே போகிறார்கள்?

உடற்கல்வி ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் பேச்சு எப்படியும் பழைய பிள்ளைகள் பக்கம் போய்விடும். "600 மீட்டர்ல எல்லாரையும் அரை ரவுண்டு பின்னால விட்டுட்டு ஓடுச்சே, அந்தப் புள்ள இப்ப என்னங்க பண்ணுது?" என்று ஒருவர் கேட்பார். கல்யாணம் ஆகிவிட்டது என்பார் ஒருவர், பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குப் போகிறது என்பார் இன்னொருவர். அப்புறம் காரணம் சொல்லும் படலம். பையன் என்றால் செல்போன் கெடுத்துவிட்டது, தலைக்கனம் ஏறிவிட்டது. பெண் என்றால் ஒரே வார்த்தை, "உடம்பு வச்சுட்டா." ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலேயே என் சர்வீஸ் போய்க்கொண்டிருக்கிறது, இந்தக் காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. செல்போன் எல்லாப் பிள்ளைகளிடமும்தான் இருக்கிறது. ஜெயிக்கிற பிள்ளைகளிடமும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பாதிக் கோளாறு நாம் வைக்கிற எதிர்பார்ப்பிலேயே இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதுகிற குறுவட்டப் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோர் 600 மீட்டருக்குக் கோட்டில் நிற்கிற பையன்களைப் பாருங்கள். ஒருவனுக்கு அரும்பு மீசை, கெண்டைக்கால் முறுக்கேறி இருக்கும். பக்கத்தில் நிற்பவன் பள்ளியில் கொடுத்த டவுசர் நிற்காமல் இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பான். இரண்டு பேருக்கும் சர்டிபிகேட்டில் ஒரே வயது. (சர்டிபிகேட் வயதை எவ்வளவு நம்பலாம் என்பது தனிக் கதை. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிற ஏற்பாடு சும்மா வந்ததில்லை.) பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் மளமளவென்று ஏறும், ஆனால் அது ஒருவருக்கு ஒன்றரை வருசம் முன்னால் வரும், ஒருவருக்குப் பின்னால் வரும். முன்னால் வந்தவன் ஜெயிக்கிறான். நாம் அதை ஓட்டத் திறமை என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். மூன்று வருசம் கழித்து மற்றவர்களும் வளர்ந்து அவனைப் பிடித்துவிட்டால் அவன் வீணாகப் போய்விட்டான் என்கிறோம். அவன் எங்கேயும் போகவில்லை, அதே இடத்தில்தான் இருக்கிறான்.

பெண்கள் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். ஒரு பெண் இருந்தாள், எட்டாவதில் 600, ஒன்பதாவதில் 800, 1500 என்று வட்டாரத்தில் அவளுக்கு எதிராளே கிடையாது. அப்பா தறி ஓட்டுகிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். காலை ஐந்தரைக்கெல்லாம் வாய்க்கால் மேட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கரையின் மண்பாதைதான் நீண்ட ஓட்டத்துக்கு மைதானம், சிந்தெடிக் ட்ராக்கைவிட உசத்தி என்றுகூடச் சொல்வேன், காலுக்கு இதமாக இருக்கும், 200 மீட்டர் பள்ளி மைதானத்தில் செக்குமாடு மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடவேண்டியதில்லை. பத்தாவது வந்தபோது அவளுடைய நேரம் கூடிக்கொண்டே போனது. 1500 மீட்டரை 5 நிமிடம் 10 விநாடியில் முடித்தவள் 5:40 ஓடினாள். கடைசி ரவுண்டில் கை வீசுகிறாள், கால் எழவில்லை. முடித்ததும் கயிற்றுக்கு வெளியே போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. 12 இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவது ஹீமோகுளோபின்தான், அது குறைந்தால் 100 மீட்டர் ஓடுகிற பிள்ளை சமாளித்துவிடும், 1500 ஓடுகிற பிள்ளை சமாளிக்க முடியாது. பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அவள் அதை விழுங்கியிருக்கிறாளா என்று விசாரித்தால், வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதி நாள் ஜன்னல் வழியாகப் போட்டிருக்கிறாள், மீதி நாள் டீயோடு சாப்பிட்டிருக்கிறாள். டீ, காப்பி இரண்டும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. காலையில் வரக்காப்பியும் ரெண்டு வர்க்கியும், மதியம் சத்துணவு, ராத்திரி ரசம் சோறு. இதை வைத்துக்கொண்டு தினமும் ஏழெட்டு கிலோமீட்டர்.

அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "ஏனுங் சார், ஓடி ஓடித்தான் ரத்தம் சுண்டிப்போச்சுன்னு எங்க ஆத்தா சொல்றாங்கொ. நிறுத்திப்போடலாமுங்களா?" என்றார். ஆத்தா சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. மாதவிடாயில் போவது போக, வியர்வையிலும், பாதம் தரையில் அடிபட்டு ரத்த அணுக்கள் உடைவதிலும் ஓடுகிறவர்களுக்குக் கொஞ்சம் இரும்புச்சத்து போகத்தான் செய்யும். மாத்திரை, முருங்கைக்கீரை, கடலை உருண்டை, காப்பி குடிக்கும் நேரத்தை மாற்றுவது என்று மாசக்கணக்கில் பிடித்தது. பிறகு ஒருநாள் பயிற்சியில் 5:12 ஓடினாள். அதைப் பார்த்தது நானும் ரெண்டு பையன்களும்தான். பொதுத்தேர்வு வந்தது, நல்ல மார்க், நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டார்கள். அங்கே காலை ஐந்தரைக்கு ஸ்டடி.

"உடம்பு வச்சுட்டா" என்கிற பேச்சுக்கு வருகிறேன். 14, 15 வயதில் பெண் உடம்பு மாறும்போது ஒரு வருசமோ ரெண்டு வருசமோ நேரம் குறையாமல் நிற்பது இயல்பு. பொறுத்துக்கொண்டால் அதற்கப்புறம் பலம் கூடிவரும். பொறுக்காமல் சோற்றைக் குறைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேரி கெய்ன் சாட்சி. 2013 மாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் 17 வயதில் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியவர். எடையைக் குறை குறை என்று நெருக்கியதில் மூன்று வருசம் மாதவிடாய் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019இல் அவரே வெளியே சொன்னார். அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. நம் ஊரில் எடை மெஷினே கிடையாது, நக்கல்தான், ஆனால் நக்கல் போதும், பிள்ளை மதியச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடும்.

பையன்களைக் கெடுப்பது ஞாயிற்றுக்கிழமை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று சீசனில் வாராவாரம் எங்காவது ஒரு மாரத்தான். 5 கிலோமீட்டரையும் மாரத்தான் என்றே போஸ்டர் அடிக்கிறார்கள், அது போகட்டும். முதல் பரிசு ஐயாயிரம், பத்தாயிரம், ஒரு பனியன், ஒரு மெடல். மாநில அளவில் 3000 மீட்டர் ஓடிய பிளஸ் ஒன் பையன் ஒருவன் நாலு மாவட்டத்திலும் பஸ் ஏறிப் போய் இந்தப் பரிசுகளை வாங்கிக்கொண்டு வருவான். "வீட்டு வாடகையே அதுலதானுங்க சார்" என்றான். வாடகை கொடுக்கிறவனிடம் பீரியடைசேஷன், அதாவது எந்த மாசம் எவ்வளவு பயிற்சி, எப்போது ஓய்வு என்கிற திட்டம் பற்றி என்னத்தைப் பேசுவது?

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று வந்தான். இதில் ஒரு சின்ன விஷயம், எல்லா உடற்கல்வி ஆசிரியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. எலும்பின் ஓரம் நெடுகிலும் வலித்தால் அது பெரும்பாலும் ஷின் பெயின், ஓய்வு கொடுத்து மெதுவாகச் சரிசெய்யலாம். விரலை வைத்து அழுத்தினால் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் துள்ளிக் குதித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், உடனே நிறுத்த வேண்டும். இவன் துள்ளினான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், ரெண்டு மூணு வாரம் கழித்துத்தான் காட்டும் என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. ஸ்ப்ரே அடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் ஓடினான், அதற்கடுத்த ஞாயிறும் ஓடினான், அப்புறம் அந்த வருசம் முழுக்க ஓடவில்லை.

இதில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியாது. பயிற்சி ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு திடமாகிவிடுகிறது, இன்னும் ஓடலாம் என்று உள்ளே இருந்து ஒன்று தள்ளுகிறது. எலும்பும் குதிகால் தசைநாணும் தயாராக மாதங்கள் ஆகும், சிலதுக்கு வருசங்கள். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் உடைகிறார்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதற்கு வழி சொல்லி அறுபது வருசத்துக்கு மேல் ஆகிறது. மாதக்கணக்கில் நிதானமான நீண்ட ஓட்டம், வேகமெல்லாம் கடைசியில். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய ஆட்கள் ஸ்னெல் 800 மீட்டரிலும் ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். நம் பையன்களிடம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் ஓடு என்றால் வெட்கப்படுகிறார்கள். வாய்க்கால் மேட்டில் மாடு ஓட்டிக்கொண்டு போகிற பெரியவர் ஒருவர், "ஏங்கண்ணு, இதுக்கு நடந்தே போயிரலாமாட்டம் இருக்குதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த கிலோமீட்டர் ரேஸ் ஆகிவிடும். சென்னிமலையில் 1,320 படி இருக்கிறது, அதை வாரத்துக்கு ஒருநாள் ஏறினால் போதும் என்றால் தினமும் ஏறிவிட்டு மறுநாள் கால் வலிக்கிறது என்பார்கள்.

பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. தனிநபர் சாம்பியன்ஷிப் புள்ளிக்காக ஒரே பிள்ளையை 800, 1500, 3000 மூன்றிலும் இறக்குவது, அதுவும் இரண்டே நாளில், ஆகஸ்ட் வெயிலில். ஷீல்டு தலைமையாசிரியர் மேசையில் இருக்கும், மாலை பேப்பரில் போட்டோ வரும். ஒடிசாவில் புதியா சிங் என்கிற நாலு வயதுப் பையனை 2006இல் புவனேஸ்வர், பூரி சாலையில் 65 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள், நாடே டிவியில் பார்த்தது. அவனிடம் ஒலிம்பிக் மெடல் எதிர்பார்த்தவர்கள் எத்தனை பேர்! நாம் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் அந்த ஆசையின் சின்ன அளவு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது.

தாமதமாக வந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளைத் தாண்டி ஓடுகிற ஓட்டம்) 8:11.20 ஓடி வெள்ளி வாங்கிய அவினாஷ் சாப்ளே, பிளஸ் டூ முடித்து ராணுவத்தில் சேர்ந்து, 20 வயதைத் தாண்டிய பிறகே ஓட்டத்தைக் கையில் எடுத்தவர். இன்னொரு பக்கம் கென்யாவின் எலியட் கிப்சோகே 2003இல் 18 வயதில் 5000 மீட்டர் உலகச் சாம்பியன். அதே ஆள் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குக் கென்ய அணியில்கூட இடம்பிடிக்கவில்லை. அத்தோடு அவர் கதை முடிந்தது என்று எழுதியிருந்தால் 2018 பெர்லின் மாரத்தானில் 33 வயதில் 2:01:39 என்ற அன்றைய உலக சாதனையை யார் ஓடியிருப்பார்கள்? நீண்ட தூர ஓட்டத்தில் ஒருவர் முழுசாக விளைவது இருபத்தைந்து வயதுக்கு மேல்தான். அதுவரை சோறு போட்டுக் காத்திருக்க அங்கே ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது.

இங்கே 17 வயதில் இருந்து 23 வயது வரை என்ன இருக்கிறது? நன்றாக ஓடினால் கோவையிலோ திருச்செங்கோட்டிலோ ஏதாவது கல்லூரியில் ஃபீஸ் இல்லாத சீட், பதிலுக்குக் கல்லூரிக்கு மூன்று ஈவெண்ட். சீட் கிடைக்காதவன் திருப்பூரில் பீஸ் ரேட்டில் பவர் டேபிளில் (மோட்டார் தையல் மெஷின்) உட்காருவான், நைட் ஷிப்ட் முடித்தவன் காலையில் ஓடுவானா? மிச்சம் இருப்பது போலீஸ், ராணுவம், ரயில்வே. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு எல்லோராலும் போக முடியாது. ஆண் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 4 நிமிடம் 15 விநாடியில் ஓடிய பையன் ஒருவன் அந்த 7 நிமிடத்துக்காக எங்கள் மைதானத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆறு மாதம் ஓடினான், கயிறு ஏறுவதும் நீளத்தாண்டலும் பழகிக்கொண்டான், பாஸ் ஆனான், ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ் ஷூவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். அவன் வீட்டில் கிடா வெட்டி விருந்து வைத்தார்கள். அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அவன் எதிர்பார்ப்பைத் தாண்டியே ஓடிவிட்டான். மாநில ரெக்கார்டு, ஏசியன் கேம்ஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாங்கள்தான்.

அதற்காக விட்டுவிட முடியுமா, தெரியவில்லை. இந்த வருசம் எட்டாவதில் ஒரு பெண், காற்றைப் போல ஓடுகிறாள். குறுவட்டத்துக்கு 600 மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். 200, 400இலும் போட்டால் ஷீல்டு நமக்குத்தானே சார் என்று தலைமையாசிரியருக்கு வருத்தம். அவளுடைய அப்பா மஞ்சள் போடுகிறவர், அவருக்கு அதிகம் விளக்கவேண்டி இருக்கவில்லை. "பத்து மாசத்துப் பயிரை ஆறாம் மாசம் வெட்டுனா என்னங்க கெடைக்கும்" என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. டீ சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் கேட்டார், "ஞாயித்துக்கெழம திருப்பூர்ல மாரத்தானுங்களாமா, மொத பரிசு சைக்கிளாமா. அதுக்கு மட்டும் அம்முணியக் கூட்டிட்டுப் போயிட்டு வரட்டுங்களா?"

அஞ்சு கிலோமீட்டராம். பேசிக்கொண்டே ஓடுவதாக இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் சைக்கிள் வராது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். ரெண்டாம் பரிசு என்னவென்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.